ரயில் எந்த நாளுக்கு, கார் எந்த நாளுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் வெளிநாடு போகிறவர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஐரோப்பாவில் ரயிலைவிட வாடகைக் காரே மலிவு என்று முடித்திருந்தது. காரின் நாள் வாடகையை நான்கால் வகுத்து, ரயில் பாஸ் விலைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தார்கள். காருக்கு ஆகும் செலவில் வாடகை ஒரு பகுதிதான் என்பதும், பாஸ் எடுக்காமலே ரயிலில் போகலாம் என்பதும் கணக்கில் வரவில்லை. போகட்டும். முழுப் பயணத்துக்கும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதுதான் இடிக்கிறது. திட்டத்தை நாள் நாளாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், எந்த நாளுக்கு ரயில், எந்த நாளுக்குக் கார் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இத்தாலியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து போகும் முதல் ஐரோப்பியச் சுற்றில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், ஏழு நாள், மிலானில் எடுத்த காரை ரோமில் விடுகிறார்கள். நாள் வாடகை 50 யூரோ என்று வைத்தால் 350. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம் 67 லிட்டர், லிட்டர் 1.80 என்று போட்டால் 120. நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கு 60. ஆறு இரவு பார்க்கிங், இரவுக்கு 25 வீதம் 150. குழந்தை இருக்கை இரண்டு, ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 வீதம் 140. எடுத்த ஊரில் விடாமல் வேறு ஊரில் விடுவதற்கு 100. அடிபட்டால் நாம் கட்டவேண்டிய பங்கை, அதாவது எக்ஸஸைப் பூஜ்யமாக்கும் கூடுதல் காப்பீடு நாளுக்கு 20 வீதம் 140. கூட்டினால் 1,060 யூரோ. எல்லாம் உத்தேச எண்கள்தான், சீசனுக்குச் சீசன் மாறும். ஆனால் வாடகை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற விகிதம் பெரிதாக மாறாது. அதே குடும்பம் மிலான்–ஃப்ளாரன்ஸ், ஃப்ளாரன்ஸ்–ரோம் என்று இரண்டு அதிவேக ரயில்களில் போனால், முன்கூட்டி வாங்கிய டிக்கெட் ஆளுக்கு 30 யூரோ என்று வைத்தாலும் 240-இல் வேலை முடிந்தது. முதலாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது ஒன்றரை மணி நேரம். இறங்குவதும் ஊர் நடுவில்.

இதைக் காட்டி காரே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. டஸ்கனியின் மலைக் கிராமங்களான பியென்ஸா, மொண்டால்சினோ போன்றவற்றுக்கு ரயில் நிலையமே கிடையாது. பேருந்து எண்ணிக் கொடுத்தாற்போல் ஓடும்; ஞாயிற்றுக்கிழமை அதுவும் குறையும். இந்தக் கிராமங்களுக்கு மூன்று நாள் ஒதுக்கினால், அந்த மூன்று நாளுக்குக் கார்தான். ஃப்ளாரன்ஸ் ஊருக்குள் எடுக்காமல், டிராமில் இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய அதன் விமான நிலையத்தில் எடுத்து, சுற்றிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு, ரோமுக்கு ரயில் ஏறலாம். வேறு ஊரில் விடும் கட்டணம் இல்லை, ரோம் நகரப் போக்குவரத்து இல்லை, நான்கு இரவு பார்க்கிங் மிச்சம்.

ஊருக்குள் எடுக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரோம், ஃப்ளாரன்ஸ், பீசா, சியெனா என்று இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் மையப்பகுதி முழுக்க இசட்டிஎல் எனப்படும் கட்டுப்பாட்டு மண்டலம். வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், அதற்குக் கீழே நேரம், பக்கத்தில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா. பல இடங்களில் மேலே மின்பலகையும் இருக்கும். அதில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால், வழி திறந்திருக்கிறது என்று நினைத்துப் பலர் உள்ளே விட்டுவிடுகிறார்கள். அர்த்தம் நேர் எதிர்: கேமரா வேலை செய்கிறது, உள்ளே வராதே. ‘நொன் அத்தீவோ’ என்று இருந்தால்தான் நுழையலாம். செல்போன் வரைபடத்தை நம்பி ஹோட்டலைத் தேடி ஒரே தெருவை மூன்று முறை சுற்றினால் மூன்று தனித்தனி அபராதம். வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் இருப்பதால், ஊர் திரும்பிப் புகைப்படமெல்லாம் ஆல்பத்தில் ஏறிய பிறகு தபால் வரும். அதற்கு முன்பே, ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் போலீசுக்குக் கொடுத்ததற்கான நிர்வாகக் கட்டணம் என்று கார் நிறுவனம் ஒவ்வொரு அபராதத்துக்கும் தனியாக கிரெடிட் கார்டில் எடுத்திருக்கும். நோட்டீஸ் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 சதவீதம் குறையும். நிர்வாகக் கட்டணத்தில் எதுவும் குறையாது. ஹோட்டல் மண்டலத்துக்குள்தான் என்றால், முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். கார் எண்ணைக் கொடுத்தால் வரவேற்பறையில் பதிந்து தருவார்கள். பதியாமல் போனால் ஹோட்டல் ரசீதைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

இனி காகிதம். கார் எடுக்க முடியுமா என்பதே சென்னையில் முடிவாகிற விஷயம். சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டுக்கு, லைசென்ஸ் வேலைகளுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து, லைசென்ஸ் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உட்பட்டதோ, கே.கே. நகரோ திருவான்மியூரோ, அங்கே போகவேண்டும். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், பாஸ்போர்ட், விமான டிக்கெட் நகல்கள். ஓராண்டு செல்லும், அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் பெர்மிட்டும் அன்றோடு முடிந்தது. விசா இருக்கவேண்டும் என்ற நிபந்தனை 2021-இல் நீக்கப்பட்டதால், விசா வருமுன்பே இதற்குப் போகலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் கைக்கு வருகிற காலம் இது. ஆகவே அதற்காகக் காத்திராமல் பெர்மிட்டை முன்பே வாங்கிவிடுவதே வழி. பெர்மிட் மட்டும் தனியே செல்லாது. ஒரிஜினல் லைசென்ஸ் அட்டையும் கையில் இருக்கவேண்டும். அண்ணா சாலையில் போக்குவரத்துக் காவலரிடம் டிஜிலாக்கரைக் காட்டிப் பழகியவர்கள் அட்டையை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வெளிநாட்டுக் கவுண்டரில் செல்போன் திரையை யாரும் லைசென்ஸாக எடுத்துக்கொள்வதில்லை.

நம் பெர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தரப்படுவது. ஜப்பான் அதை ஏற்கிறது. வியட்நாம் சேர்ந்திருப்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தில். நம் பெர்மிட் அங்கே செல்லாது. அங்கே பைக் வாடகைக்குக் கொடுப்பவர் பெர்மிட்டைப் பற்றிக் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது செல்லுபடியாகும் லைசென்ஸைத்தான். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆங்கிலத்தில் உள்ள நம் லைசென்ஸே போதும். இத்தாலியில் பெர்மிட் கட்டாயம்.

தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லை இனிஷியல். லைசென்ஸில் ‘ஆர். சுரேஷ்’, கிரெடிட் கார்டில் ‘சுரேஷ் ஆர்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து ‘சுரேஷ் ராமசாமி’. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும்; கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. முன்பதிவில் இருக்கும் பெயர், லைசென்ஸ், பாஸ்போர்ட், கார்டு நான்கும் ஒத்துப்போகவேண்டும் என்பது அவர்கள் விதி. பெர்மிட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி விரிவாக வந்திருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலேயே பார்த்துவிடுங்கள். முன்பதிவைப் பாஸ்போர்ட் பெயரில் செய்யுங்கள். கார்டில் பெயரை மாற்றி வாங்க வங்கிக்கு இரண்டு வாரம் ஆகலாம், ஆகவே அதை விசாவுக்கு முன்பே தொடங்கலாம்.

அந்தக் கார்டு கிரெடிட் கார்டாகவே இருக்கவேண்டும், ஓட்டுபவர் பெயரிலேயே இருக்கவேண்டும். தி.நகரில் ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஹோட்டல், சாப்பாடு, ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஓடும் ஃபாரெக்ஸ் கார்டு கார் டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் ஓடாது. டெபாசிட் தொகையை கார்டின் வரம்பில் பிளாக் செய்வார்கள். கார் திருப்பிக் கொடுத்த பின்னும் அது விடுபட வாரங்கள் ஆகலாம். வரம்பு ஒரு லட்சம் மட்டும் உள்ள கார்டில் பிளாக் போக மீதியில்தான் பயணம் ஓடவேண்டும். கிளம்புமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள், நான்கு இலக்க பின் நம்பரைச் சோதித்துவிடுங்கள், ஓடிபி வருவதற்காக இந்திய சிம்மில் ரோமிங்கை உயிரோடு வையுங்கள். இரவில் ஆளில்லாத பெட்ரோல் பங்கில் பின் நம்பர் இல்லாமல் ஒரு சொட்டு வராது. 20 யூரோவுக்குப் போட்டாலும் இயந்திரம் முதலில் 100 யூரோவுக்கு மேல் பிளாக் செய்து பிறகு விடுவிக்கும். பங்கில் இன்னொன்று: பிரான்சில் ‘கசோல்’, இத்தாலியில் ‘கசோலியோ’ என்றால் டீசல். காதுக்கு கேசோலின் போலக் கேட்கிறதே என்று பெட்ரோல் காரில் போட்டுவிட்டால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே நிறுத்தி உதவிக்குக் கூப்பிடவேண்டும். டேங்கைக் காலி செய்யும் செலவு எந்தக் காப்பீட்டிலும் அநேகமாக வராது.

விசாவோடு சேர்ந்த இன்னொரு கணக்கும் இருக்கிறது. மலிவான ரயில் டிக்கெட் பணம் திரும்பாத டிக்கெட். வாடகைக் கார் முன்பதிவை, பணம் பின்னால் கட்டும் வகையில் எடுத்திருந்தால், பெரும்பாலும் இரண்டு நாள் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யலாம். ஆகவே விசா வருமுன் காரைப் பிடித்து வைக்கலாம். ரயில் டிக்கெட்டை விசா வந்த அன்றே வாங்கவேண்டும். தட்கல் போல முதல் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மிலான்–ரோம் விலை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகியிருக்கும். சீட் இருக்கும், மலிவு விலைதான் இருக்காது.

இடதுபக்கம் ஓட்டும் நாடு, வலதுபக்கம் ஓட்டும் நாடு என்ற வித்தியாசத்தைக் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிட்டது. பிரிட்டன், அயர்லாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, தாய்லாந்து ஆகியவற்றில் நம் பழக்கம் அப்படியே செல்லும். மால்டா, சைப்ரஸ் தவிர ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் அமெரிக்காவிலும் ஸ்டியரிங் இடதுபக்கம், ஓட்டுவது வலதுபக்கம். எதிர்த் திசையில் போய்விடுவோம் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வண்டிகள் இருக்கும் சாலையில் அது நடப்பதில்லை. காலியான பங்கிலிருந்தோ கிராமத்துச் சந்திலிருந்தோ அதிகாலையில் வெளியே வரும்போதுதான் நடக்கும். தினமும் நடப்பது வேறு. வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்டிய நமக்கு, காரின் உடம்பு நமக்கு இடப்புறம் நீள்வதாகவே உடல் நினைவு. இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்ததும் வலப்புறம் நீளும் ஒன்றரை மீட்டரை மூளை மறந்துவிடும். கார் கொஞ்சம் கொஞ்சமாக வலப்புறம் சாயும். வலது முன் சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசும், அல்லது நிறுத்தியிருக்கும் காரின் கண்ணாடியை வலது கண்ணாடி தட்டும். டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவைதான் வழக்கமான காப்பீட்டில் விலக்கப்பட்டவை. எது அதிகம் அடிபடுமோ அதைத்தான் விலக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். இண்டிகேட்டர் இடக்கையில், வைப்பர் வலக்கையில் இருக்கும். முதல் நாள் முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலில் வைப்பர் ஆடும். சிரிப்புதான், ஆனால் பின்னால் வருபவருக்கு நாம் திரும்பப்போவது தெரியாது. ரவுண்டானாவில் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில். கியர் வலக்கைக்கு வந்துவிடும் என்பதால் ஆட்டோமேட்டிக்கைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஐரோப்பாவில் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் கையால் கியர் போடும் கார்தான் வரும். கவுண்டரில் போய் மாற்றிக் கேட்டால் கிடைக்காது, கிடைத்தால் விலை வேறு.

இறங்கிய அன்றே காரை எடுக்காதீர்கள். பின்னிரவில் மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானம் காலையில் ஐரோப்பாவில் இறக்கிவிடும். விடிந்துவிட்டதே என்று உடம்பு ஏமாறும். கோடையில் நமக்கும் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே வெளிச்சம் இருக்கிற இரவு 8 மணி நம் உடம்புக்கு 11.30. முதல் நாளுக்கு ரயில், மறுநாள் காலைக்குக் கார்.

டிக்கி கணக்கைப் போடாமல் காரின் வகையைத் தேர்ந்தெடுப்பதும் வழக்கமான தப்பு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அளவுள்ள காரின் டிக்கி 380 லிட்டர் சொச்சம். 28 அங்குலப் பெட்டி இரண்டு போனால் நிறைந்துவிடும். நான்கு பேர், நான்கு பெட்டி, ஒரு குக்கர் பை என்றால் பின்பக்கம் நீண்ட எஸ்டேட் வகையோ ஏழு இருக்கை வண்டியோ தேவை. பெட்டியைப் பின் இருக்கையில் அடுக்கினால் நிறுத்துமிடத்தில் திருடனுக்கு அழைப்பு. குழந்தை இருக்கை விதியும் நம் ஊர் மாதிரியில்லை. ஜெர்மனியில் 12 வயது ஆகாத, 150 செ.மீ. உயரம் எட்டாத பிள்ளைக்கு இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே கிடையாது.

ரயிலிலும் தவறுகள் நடக்கும். அவை வேறு விதம். நம் டிக்கெட்டில் பெட்டியும் பெர்த்தும் இருக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளில் டிக்கெட் வேறு, இருக்கை வேறு. பல ஐரோப்பிய நாடுகளின் ரயிலுக்கும் பொதுவான யூரெயில் பாஸ் வாங்கிவிட்டால் எதிலும் ஏறலாம் என்று நினைக்கிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தின் பெரும்பாலான ரயில்களில் அது சரி. அதிவேக ரயில்களான பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சா, ஸ்பெயினின் அதிவேக ரயில், லண்டன் போகும் யூரோஸ்டார் எல்லாவற்றிலும் பாஸுக்கு மேல் தனியாகப் பணம் கட்டி இருக்கை பதியவேண்டும். டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கென்று குறிப்பிட்ட எண்ணிக்கைதான். அது தீர்ந்தால் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் பாஸுக்கு இடமில்லை. இரண்டு மூன்று ஊர்கள் மட்டும் என்றால் பாஸ் வேண்டவே வேண்டாம். இத்தாலியின் சாதாரண வட்டார ரயிலுக்கு வாங்கும் காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் செருகி முத்திரை குத்தவேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம்.

ரயில் பாதியில் பிரிவதும் உண்டு. வாஞ்சி மணியாச்சியில் பெட்டிகளைக் கழற்றி தூத்துக்குடிக்கு அனுப்பிய காலம் நினைவிருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். பெர்லினிலிருந்து கொலோன் பக்கம் போகும் ரயில்கள் பல ஹம் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு வழியில் போகும். ஜப்பானில் டோக்கியோவிலிருந்து வடக்கே போகும் ஹயபுசாவும் கொமாச்சியும் ஒன்றாகவே ஓடி மொரியோகாவில் பிரியும். பெட்டி எண்ணைப் பார்த்து ஏறவேண்டும். ஓடுகிற ரயிலில் உள்ளேயே நடந்து மாறிக்கொள்ளலாம் என்றால், பிரியும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே வழியே இருக்காது. எழும்பூரில் ரயில் நகரத் தொடங்கிய பிறகும் ஓடி ஏறிய வீரம் அங்கே உதவாது. டிஜிவி கதவு புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும். இடை நிலையங்களில் ரயில் நிற்பதும் இரண்டு மூன்று நிமிடம்தான். முட்டி வலியுள்ள அம்மாவும் நான்கு பெரிய பெட்டியும் இருந்தால், ஒருவர் ஏறி வாங்கிக்கொள்ள, ஒருவர் கீழிருந்து கொடுக்க என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 22 அங்குலப் பெட்டி ஒன்று என்று குறைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை.

சுவிட்சர்லாந்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது: ரயில். ஜூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். இன்டர்லாக்கனுக்கு இரண்டு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து லாட்டர்புருனென் இருபது நிமிடம். செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார் போகவே முடியாது. டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில் போகவேண்டும். வெங்கென், மூரென் ஊர்களும் அப்படித்தான். காரை வாடகைக்கு எடுத்து அதை நிறுத்த வாடகை கொடுத்துவிட்டு ரயில் ஏறுவதில் என்ன லாபம்? சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் என்று கிடைக்கும். ரயில், பேருந்து, ஏரிப் படகு எல்லாம் அடங்கும். பாஸ் எடுத்த பெற்றோரோடு வரும் 16 வயது ஆகாத பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டையை இலவசமாகக் கேட்டு வாங்கினால் கட்டணம் இல்லை. கேட்காவிட்டால் தானாக வராது. பாஸ் எல்லாவற்றையும் மூடிவிடும் என்றும் எண்ணவேண்டாம். 3,454 மீட்டரில் இருக்கும் மலை ரயில் நிலையமான யுங்ஃப்ராவ்யோஹுக்குப் போக, கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கென் வரைதான் பாஸ். அதற்கு மேல் தள்ளுபடி விலையில் தனி டிக்கெட். கிளேசியர் எக்ஸ்பிரசுக்கு இருக்கைப் பதிவுக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்குப் பதிவே வேண்டாம், காட்சியும் அதே காட்சி. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ எடுத்த காரோடு சுவிஸ் நெடுஞ்சாலையில் நுழைகிறவர்கள் 40 ஃபிராங்க் கொடுத்து விக்னெட் எனப்படும் சாலைக் கட்டண வில்லை வாங்கவேண்டும். ஒரு நாள் போனாலும் முழு ஆண்டுக் கட்டணம்தான். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், விக்னெட் விலையும் கூட.

ஜப்பானில் ஜேஆர் பாஸ் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய காலம் 2023 அக்டோபரோடு போய்விட்டது. அந்த மாதம் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. டோக்கியோ–கியோட்டோ ஒருவழி 14,000 யென் சுற்றி, போய்வந்தால் 28,000. ஆகவே அந்த இரண்டு ஊர் மட்டும் பார்ப்பவருக்கு பாஸ் நஷ்டம். தனித் தனியாக டிக்கெட் வாங்கினால் வேகமான நொசோமி ரயிலிலும் ஏறலாம். பாஸ் வைத்திருந்தால் அதற்கு மேல்கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ–கியோட்டோ வழியில் ஓடும் டொகைடோ ஷின்கான்சென் புல்லட் ரயிலில் அதற்குரிய இருக்கையைச் சேர்த்துப் பதியவேண்டும். ஹொக்கைடோவுக்கும் ஒகினாவாவுக்கும் கார் நல்லது. ஒகினாவாவில் நாஹா பக்கத்து மோனோரயிலை விட்டால் ரயிலே கிடையாது. இண்டிகேட்டர்கூட நம் ஊர் போல வலக்கையில். ரயில்வே கேட் திறந்திருந்தாலும் ஒவ்வொரு தடவையும் வண்டியை முழுதாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் தாண்டவேண்டும்.

பிரிட்டனில் லண்டனுக்குள் கார் எடுப்பவரை என்ன சொல்வது. 2026 ஜனவரியிலிருந்து மையப்பகுதிக்கு நெரிசல் கட்டணம் நாளுக்கு 18 பவுண்ட். எடின்பரோ வரை ரயிலில் போய், ஸ்காட்லாந்து மலைப்பகுதிக்கு அங்கே கார் எடுக்கலாம். ஒற்றைத் தடச் சாலைகளில் ஒதுங்குவதற்கென்று விட்ட இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கக்கூடாது. எதிரே வருகிறவர் ஒதுங்க வழி இருக்காது. வேகப் பலகை மைலில்: 30 என்றால் 48 கிலோமீட்டர்.

நியூசிலாந்தின் தென் தீவு முழுக்கக் கார்தான். கிறைஸ்ட்சர்ச்–கிரேமவுத் ரயில் காட்சிக்காகப் போகிற ரயில். குயின்ஸ்டவுனுக்கு ரயிலே இல்லை. இரண்டு தீவுக்கும் ஒரே கார் என்று பதியுமுன் கேளுங்கள். வெலிங்டனில் விட்டுவிட்டு, படகில் கடந்து, பிக்டனில் வேறு கார் எடுக்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன்–நியூயார்க்–வாஷிங்டன் வழித்தடத்தை விட்டால் பிள்ளைகள் வீட்டுக் கார்தான் கதி. மலேசியாவில் கோலாலம்பூர்–பட்டர்வொர்த் இடிஎஸ் ரயில் நான்கு மணி நேரம் சொச்சம், இறங்கிப் படகு ஏறினால் ஜார்ஜ் டவுன். பத்துமலை முருகனுக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலே கோயில் வாசல் வரை போகிறது. கேமரன் மலைக்கு மட்டும் காரோ பேருந்தோ. காரில் சுங்கம் கட்டுவதற்கான டச் அண்ட் கோ அட்டை இருக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுங்கச்சாவடிக்குப் போங்கள்.

கார் எடுக்கும் இடத்தில் செலவிடும் கால் மணி நேரத்தைக் கடைசியாகச் சொல்லவேண்டும். சாவி வாங்கியதும் ஓட்டிவிடாதீர்கள். நான்கு பக்கமும், நான்கு ரிம்மும், கண்ணாடியும், கூரையும், மீட்டரில் பெட்ரோல் அளவும் கிலோமீட்டரும் ஒரே வீடியோவில் நிற்காமல் எடுங்கள். நிலவறைப் பார்க்கிங்கில் கீறல் தெரியாது. வெளிச்சத்துக்கு ஓட்டிவந்து எடுங்கள். அவர்கள் தாளில் குறிக்காத கீறல் ஒன்று தெரிந்தாலும் திரும்பிப்போய் எழுதவைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகே வெளியேறுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் பஞ்சர் கிட்தானா என்று டிக்கி அடியைத் தூக்கிப் பாருங்கள். கார்டை இழுக்கும்போது ரூபாயில் எடுக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம், அந்த நாட்டுப் பணத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். ரூபாய்க்கு மாற்றும் விலையை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். திருப்பிக் கொடுக்கும்போது, ஆளில்லாத நேரத்தில் சாவியைப் பெட்டியில் போடும்படி இருந்தால், நிறுத்திய இடத்தையும் சாவி போடுவதையும் படமெடுங்கள். பக்கத்துப் பங்கில் டேங்க் நிரப்பிய ரசீதையும் அந்த வீடியோக்களையும் ஓராண்டு வரை அழிக்காமல் வைத்திருங்கள். டெபாசிட் போட்ட கிரெடிட் கார்டின் கணக்கையும் மாதாமாதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை–4